ஆறாம் நம்பர் இல்லாத செட்

பாரி நகரில் ஏப்ரல்.
கராஜ் வாசலில் இன்னும் கரையாமல்
ஒரு கூடை அழுக்குப் பனி.
"நூற்றைம்பது" என்கிறார் க்ளென்,
சுவரில் சாய்ந்த ஏழு இரும்புகளைப் பார்க்காமலே.
நாலு, ஐந்து, ஏழு, எட்டு, ஒன்பது, இரண்டு வெட்ஜ்.
ஆறு?
"ஏரிக்குள்."
மேலே கேட்கவில்லை நான்.

பெண் பார்க்க வந்தவள்போல
ஒவ்வொரு முகமாகத் திருப்புகிறேன்.
நாலில் ஒரு கீறல்கூட இல்லை;
இவருக்கும் அதைக் கண்டால் பயம்.
பிடிகள் காய்ந்த முருங்கைக்காயாய் விறைத்திருக்கின்றன:
மாற்ற, ஒன்றுக்குப் பன்னிரண்டு டாலர்,
ஏழுக்கு எண்பத்துநாலு.
ஏழாம் நம்பரின் தேய்மானம்
நடுவில் இல்லை, குதியோரம், காசளவு.
போன கோடை முழுக்க
என் வாடகை மட்டையில் பந்து பட்டதும்
அங்கேதான்.

எத்தனை வருஷம் ஆடினீர்கள்?
"இருபத்திரண்டு."

இருபத்திரண்டு வருஷம்,
இரண்டு விரற்கடை நகரவில்லை.
நூற்றிருபது என்றேன், கொஞ்சம் துணிந்து.

தாடையைச் சொறிந்தார்.
"ஏழை மட்டும் ஒருதரம் கொடு."
வாங்கி, தோளைத் தளர்த்தி,
அந்தப் பனிக்கட்டியை ஒரே வீச்சு.
தெரு முழுக்கச் சிதறியது.
சத்தத்திலேயே தெரிந்தது,
நட்டநடு.

இருவரும் மட்டையையே பார்த்தோம்.
அதற்குப் பிறகு
விலை இறங்கவில்லை.