இரண்டு குளிர்காலம்

உலான்பாத்தரில் பனி ஜன்னலைக் கவ்வுகிற மாலை.
பையில் நான்கு லட்சம் துக்ரிக்.
புதுசு ஒன்பது. பார்த்ததோடு சரி.

கடைசி மேசையில் ஒயுன்சிமெக்
அடகு நகையைப் பிரிப்பதுபோல்
பழைய கிராபிக்ஸ் கார்டின் துணியைப் பிரித்தாள்.
"பிட்காயின் தோண்டினதா?"
பொய் வரவில்லை அவளுக்கு.
"ரெண்டு குளிர்காலம், ராப்பகலா.
எங்க அறைக்கு அடுப்பே இதுதான்."

மின்சாரம் கொடுத்தும் ஒரு விசிறி அசையவில்லை.
விரலால் சுண்டினாள்;
முனகிக்கொண்டே கிளம்பியது.
என் பெட்டியின் நானூறு வாட் தாங்குமா?
போட்ட கணக்கையே திரும்பப் போட்டேன்.

மூன்றரைக்குப் படிந்தது.
பஸ்ஸில் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டில், பெட்டி மூடவில்லை,
கார்டு ஒரு விரற்கடை அதிகம்.
கிடக்கட்டும் திறந்தே.
ஆட்டம் ஓடத் தொடங்கியதும்
ஈரக் கையுறைகளைக் கழற்றி
அதன் பக்கத்தில் வைத்தேன்.