நாற்பத்தொன்றாம் வில்லை

பாலம் தாண்டியதும் அந்தப் பலகை:
துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு ஊருக்குள் வரவும்.
கான்சஸ், ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டு.
மாடு ஓட்டி வந்தவர்கள் முனகினார்கள்,
முனகிக்கொண்டே இடைவாரை அவிழ்த்தார்கள்.
விடுதி எழுத்தன் லெமுவல் டாகெட்
ஆளுக்கொரு பித்தளை வில்லை கொடுத்தான்,
சலவைக்குப் போட்ட சட்டைக்குக் கொடுப்பதுபோல.

உரிமை என்று யாரும் வாதாடியதாகப்
பேரேட்டில் இல்லை.
மை கொட்டியது இருக்கிறது. விஸ்கிக் கடன் இருக்கிறது.
நாற்பத்தொன்றுக்கு நேரே
"ஏசா விக், தந்தப் பிடி, தோட்டா ஐந்து."
திருப்பி வாங்கிய கையெழுத்து இல்லை.

சனிக்கிழமைகளில் இந்த அருங்காட்சியகம் என் பொறுப்பு.
இன்று ஒருவர் வந்தார், இடுப்பில் உறையோடு,
சட்டப்படிதான்.
கண்ணாடிப் பெட்டிமேல் குனிந்து
மனைவியிடம் சொன்னார்:
"அப்போதெல்லாம் சட்டமே கிடையாது, தெரியுமா?"
அவர் மூச்சுப் பட்டு
உள்ளிருந்த பலகை மங்கியது.

நான் எதுவும் சொல்லவில்லை.
துணி எடுத்துத் துடைத்தேன்,
எழுத்துத் தெரியும்வரை.

போகும்போது கேட்டார்,
அந்தத் தந்தப் பிடி இன்னும் சுடுமா?
தெரியாது என்றேன்.
சொந்தக்காரன் இன்னும் வரவில்லை.