முதல் பாதி

ஆண்டவரே, கோபமாகத்தான் பேசுகிறேன்.
பேசுகிறேன் என்பதும் சும்மா ஒரு வார்த்தைக்கு.
புவெர்த்தோ மோன்ட் மருத்துவமனையில்
புற்றோடு சேர்த்துக் குரலையும் வெட்டி
ஒரு எஃகுத் தட்டில் போட்டார்கள்.
இப்போது கழுத்தில் ஓர் ஓட்டை,
அதன்மேல் என் மனைவி தைத்த துணி.
மழை பெய்தால் குனிந்து நடக்கிறேன்.
சிலோயேத் தீவுகளில் மழை பெய்யாத நாள் எது?

என் பழைய குரல் உமக்குத் தெரியாதா?
குருவானவர் வருடத்துக்கு இரண்டு முறை
படகேறி வருகிற தீவு இது.
மீதி நாளெல்லாம் வெனான்சியோ சிகுவாய்தான்:
திருநாளுக்கு நான், நல்லடக்கத்துக்கு நான்,
செபமாலையின் முதல் பாதிக்கு நான்.
நான் ஆரம்பித்தால்
சிப்பிப் பண்ணையில் மிதவை எண்ணுகிறவன்கூடத்
தொப்பியைக் கழற்றுவானாம்.
அதைப் பிறர் சொல்லிக் கேட்க எனக்குப் பிடிக்கும்.
அதையும் நீர் அறிவீர்.

நேற்று ஒனோஃப்ரேயை அடக்கம் செய்தோம்.
பத்தொன்பது வயது.
தெற்குக் காற்றில் படகு கவிழ்ந்து
நான்காம் நாள், கடல் வற்றியபோது கிடைத்தான்.
அவன் அம்மா எதெல்மிரா
கோயில் கதவருகே நின்றாள், உள்ளே வரவில்லை.
"அவரோடு எனக்குப் பேச்சில்லை" என்றாள்.
உம்மைத்தான் சொன்னாள்.

வேறு யாராவது நடத்துங்கள் என்று சைகை காட்டினேன்.
எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.
முப்பது வருடம் நானே நிரப்பிய இடம்,
இன்னொருவருக்கு அங்கே வாய் பழகவே இல்லை.
சரியென்று பீடத்தின் முன் போய்
வாயைத் திறந்தேன்.
காற்று.
அடுப்பில் ஈர விறகு சீறுவதுபோல
கழுத்து வழியே வெறும் காற்று.
ஒரு குழந்தை சிரித்தது; யாரோ அதட்டினார்கள்.
மறுபடி முயன்றேன். சளி வந்தது.
துடைத்துக்கொண்டேன், ஐம்பத்தாறு வயதில்,
எல்லார் முன்னாலும்.

அப்போது பெஞ்சுகள் கிறீச்சிட்டன.
ஒன்றும் கேட்கவில்லையென்று
பின்வரிசைக்காரர்கள் எழுந்து முன்னால் வந்தார்கள்.
முன்பு என் சத்தம் கடைசிச் சுவர்வரை போகும்,
அதனால் அவரவர் தம்தம் இடத்திலேயே இருந்துவிட்டார்கள்.
இப்போது தோளோடு தோள்,
நனைந்த கம்பளிச் சட்டைகளின் வாடை,
என் உதடுகளைப் படிக்கும் நாற்பது முகங்கள்.

இரண்டாம் பாதி எல்லாருக்கும் தயார்.
முதல் பாதி இல்லாமல் எங்கிருந்து தொடங்குவது?
உதடு அசைகிறது. ஒருவரும் துணியவில்லை.

பிறகு ஒரு குரல்.
கரகரத்து, தப்பும் தவறுமாய்,
ஒரு சொல்லை விட்டுவிட்டு, திரும்பிப் போய் எடுத்து...
எதெல்மிரா.
எப்போது உள்ளே வந்தாள்?
என் உதட்டைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்,
உம்மோடு பேச்சில்லை என்றவள்.
முடிக்கும்போதெல்லாம் கூட்டம்
இரண்டாம் பாதியைக் கொடுத்து அவளைத் தாங்கியது.
பத்து மணிகள். இன்னொரு பத்து.
நடுவில் அவள் உடைந்தபோது
படகோட்டி ரோசமெல் தொடர்ந்தான்,
சந்தையில் விலை கூவுகிற அதே தொனியில்.
யாரும் சிரிக்கவில்லை.

இதற்காகத்தான் என் குரலை எடுத்தீரா என்று
கேட்கமாட்டேன்.
ஒரு பையன் செத்ததையும் இதையும்
ஒரே தராசில் நிறுக்க என்னால் ஆகாது.
அப்படி நிறுத்துக் கொடுக்கும் சில்லறை வியாபாரி
அல்ல நீர் என்றே நம்பியிருக்கிறேன்.
கிடைத்த பிளவுக்குள் நுழைந்துகொள்கிறவர் நீர்.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எங்கள் கோயிலில் இரும்பாணி கிடையாது.
எல்லாம் மர முளைகள்.
மழை ஈரத்தைக் குடித்து உப்பித்தான்
உத்திரங்களைக் கவ்விப் பிடித்திருக்கின்றன.
நேற்றுதான் அண்ணாந்து பார்த்தேன்.
முன்பெல்லாம் பாடிக்கொண்டே இருப்பேன்,
பார்க்க நேரமிருந்ததில்லை.

கல்லறையிலிருந்து திரும்பியதும் எதெல்மிரா
உருளைக்கிழங்கை மசித்து ஒரு கிண்ணத்தில் நீட்டினாள்.
"இது இறங்குமா?"
இறங்கியது, பாதி.

கோபம் இன்னும் தீரவில்லை, ஆண்டவரே.
ஆனால் ஞாயிற்றுக்கிழமை
அவள்தான் ஆரம்பிக்கப் போகிறாளாம்.
நான் எதிரே நின்று
உதட்டை மட்டும் அசைக்க வேண்டுமாம்.
சவரம் செய்துகொண்டு வா, மீசை மறைக்கிறது என்கிறாள்.