வரிசை நூற்றுப் பன்னிரண்டு

ஏற்காட்டு எஸ்டேட் ஆபீசில் ஒரு வழக்கம்:
நிரந்தர ஆள் என்றால் பெயர் முழுக்க கேப்பிடல்,
தினக்கூலி என்றால் சின்ன எழுத்து.
யார் ஆரம்பித்ததோ, மேனேஜர் ஜெரால்டுக்கும் தெரியாது.

போனஸ் பட்டியலுக்கு மேக்ரோ எழுத
சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஏறினேன்.
பதினேழாவது கொண்டை ஊசியில் வாந்தி.
மத்தியானத்துக்குள் முடிந்தது, மொத்தமே ஒரு நிபந்தனை:
பெயரைப் பெரிய எழுத்தாக்கு.
ஆக்கியதும் பழையதும் ஒன்றே என்றால்
ஆள் நிரந்தரம்.

விரல்விட்டு எண்ணியபோது அறுபத்து மூன்று பேர்.
மேக்ரோ அறுபத்தைந்து என்றது.

ஒன்று, வெற்றுக் கட்டம்.
ஒன்றுமில்லாததை எவ்வளவு உயர்த்தினாலும்
ஒன்றுமில்லாததுதான்; அதற்கும் போனஸ்.
சிரித்துக்கொண்டே நீக்கினேன்.

இன்னொன்று, வரிசை நூற்றுப் பன்னிரண்டு.
புது கிளார்க் தமிழிலேயே அடித்திருந்தான்:
குப்பாயி.
உயர்த்திப் பார்த்தது கம்ப்யூட்டர்.
கு, கு-வாகவே நின்றது.
பா-வுக்கு ஏற மாடி இல்லை,
யி-க்கு இறங்கப் படி இல்லை.
உண்மை, என்றது.

திருத்தத் தெரியும் எனக்கு.
சின்ன எழுத்தாக்கியும் பார்,
அதற்கும் அசையாவிட்டால் தள்ளு.
இன்னும் ஒரே வரி.
விசைப்பலகைமேல் கை இருந்தது,
காபி ஆறியது,
கரண்ட் போய் வந்தது.
நாலரைக்குக் கடைசி பஸ்.

"சரிபார்த்தாச்சா?"
பேனா மூடியைக் கழற்றியபடி ஜெரால்டு.

மூணு தடவை, சார். அறுபத்து நாலு.

பக்கத்தின் அடியில் அவர் போட்ட கையெழுத்தில்
முதல் எழுத்துகூடச்
சின்னதுதான்.