இரண்டும் மூன்றும்

வேலந்தாவளம் எடைமேடையில்
பழைய கம்ப்யூட்டர் புதன்கிழமை செத்துப்போச்சு.
முதலாளி மாறப்ப கவுண்டர்
புது மடிக்கணினி கொடுத்தனுப்பினார்.
பரோட்டா பொட்டலம் அளவுக்குக்கூடக் கனமில்லை.
விலாவில் இரண்டே ஓட்டை,
எறும்பு கொட்டாவி விட்ட மாதிரி.

எடைமானிக்கோ முதுகில் ஒன்பது ஊசி,
மேலே ஐந்து, கீழே நாலு.
அறுபது டன் தாங்கும் மேடை
அந்த ஊசி வழியாகத்தான் பேசும்.
கேட்க ஆளில்லை.

கொழிஞ்சாம்பாறைக் கடையில்
முக்காட்டைப் பார்த்து "இத்தா" என்ற பையன்
அடுத்துக் கேட்டான்:
"ஆணோ பெண்ணோ?"
எனக்குப் பிரசவ வார்டு நினைவு வந்தது.
ஊசி எங்கே, துளை எங்கே என்று
பில் புத்தகத்தின் பின்னால் வரைந்து காட்டினேன்.
"அப்போ ரண்டு அற்றமும் பெண்ணு" என்றான்.
பக்கத்தில் சார்ஜர் வாங்க நின்றவர்
கூரையைப் பார்த்தார்.

டைப்-சியிலிருந்து யுஎஸ்பிக்கு ஒன்று.
யுஎஸ்பியிலிருந்து ஒன்பது ஊசிக்கு ஒன்று.
அங்கிருந்து எடைமானிக்கு ஒன்றரை மீட்டர் கேபிள்.
எழுநூற்று எழுபது ரூபாய்.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்,
முட்டை மாதிரி.

எல்லாம் பொருந்தியது.
திருகும் இறுகியது.
திரையில் ஒன்றுமில்லை.

வெளியே எம்-சாண்ட் டிப்பர்கள் ஏழு,
வைக்கோல் லாரி ஒன்று.
சுதேவன் கதவில் தட்டித் தட்டி
பாலக்காட்டுக்குள் இருட்டுமுன் போகணும் என்கிறார்.
கண்ணால் பார்த்துக் கையால் எழுதிக் கொடுத்தேன்.
கையெழுத்துச் சீட்டை அந்தப் பக்கத்தில்
ஒருத்தரும் நம்பமாட்டார்கள்,
நாலு பேர் திரும்பி வந்தார்கள்.

ராத்திரி, குப்பைக் கூடையில்
எலி கடித்த பழைய கேபிள் கிடந்தது.
பிளேடால் தோலை உரித்தேன்.
சிவப்புக் கம்பி இந்த முனையில் இரண்டாம் ஊசி,
அந்த முனையில் மூன்றாம் ஊசி.
பச்சை நேர்மாறு.
யாரோ தப்பாகப் பற்றவைத்திருக்கிறான் என்றுதான்
முதலில் நினைத்தேன்.

அப்புறம் டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்று வாய்.
இரண்டு காது.
நேர்க்கேபிளில் வாய் வாயைப் பார்க்கிறது,
காது காதைப் பார்க்கிறது.
எடைமானி பகலெல்லாம்
மடிக்கணினியின் வாய்க்குள்ளேயே
எடை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

என் நாத்தனாரும் நானும்
பதினொரு வருஷம் இந்தக் கேபிளில்தான் இருந்தோம்.
சரி, அது வேறு கதை.

காலையில் அகஸ்டின் செல்போன் கடையில்
ஈயம் உருக்கி இரண்டையும் மூன்றையும் மாற்றினோம்.
ஐந்தாவதைத் தொடாதே என்றேன்,
பழையதில் அது மட்டும் நேராகப் போயிருந்தது.
"தெரியும்க்கா" என்றான். தெரியாது அவனுக்கு.

இந்த முறை திரை பேசியது.
சதுரம், கேள்விக்குறி, மறுபடி சதுரம்.
வேகம் 9600 என்று இருந்தது.
எடைமானி மூடியின் உட்புறம்
பென்சிலில் எவரோ எழுதியது: 2400.
பழைய மிஷின், நிதானமாகத்தான் பேசும்.
குறைத்தேன்.

0 கிலோ.

காலி மேடைக்கு அது சரியான விடை.
ஆனால் செத்த திரையும் சும்மாதானே இருந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு நானே ஏறி நின்றேன்,
எட்டு மீட்டர் இரும்பின் நடுவில்,
ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டி.
55.
ஆஸ்பத்திரியில் ஐம்பத்தேழு.
இது ஐந்து ஐந்தாகத்தான் எண்ணும்,
இரண்டு கிலோ கணக்கில் வராது.

உள்ளே போனால் சீட்டுக்குக் கட்டம் காத்திருக்கிறது:
வண்டி எண்? சரக்கு? காலி எடை?
தெரியாது என்று சொல்ல
அதில் பொத்தான் கிடையாது.

சுதேவன் ஹாரன் அடிக்கிறார்.
நேற்றைய கையெழுத்துச் சீட்டு
டாஷ்போர்டில் மடிந்து கிடக்கிறது.
முன்சக்கரம் ஏறும்போது
எண்கள் ஓடத் தொடங்கின.
கடைக்காரப் பையன் தந்த நேர்க்கேபிளை விட
அகஸ்டின் அறுத்த கேபிள்
ஓர் விரல் நீளம் குறைவு.
மேசையை அந்த அளவு
ஜன்னல் பக்கமாக இழுத்துப் போட்டேன்.