நாற்பத்து மூன்று முகங்களுக்குப் பிறகு

பிறந்தநாள் பேனரில் நாற்பத்திரண்டு பேர்.
எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்த மூஞ்சிகள்,
பாதி கல்யாண வீட்டில் எடுத்தவை;
ஒன்றில் பக்கத்தில் நின்றவரின் கை
தோளோடு அப்படியே வந்திருந்தது.
காதோரம் காதோரமாக வெட்டினேன்.
காம்ப்ளேக்கு வலது காது கிடைக்கவில்லை,
இடது காதைத் திருப்பி ஒட்டினேன்.
அவருக்கே தெரியாது.

பதினொன்றே காலுக்கு ஆபீஸிலிருந்து போன்:
“மேல கொஞ்சம் இடம் கிடக்கே,
நம்ம மச்சானையும் போட்டுரு.”

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோடு.
ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
மெஷின் யாருடைய டியூஷன் சென்டரையோ
இருபதடி நீளத்துக்குத் துப்பிக்கொண்டிருக்கிறது.
மச்சானை மேகத்துக்குப் பக்கத்தில் உட்கார்த்திவிட்டு
புது ஃபைல் ஒன்றைத் திறந்தேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுக்கு ஆயிரத்து எண்பது.
யாரும் ஆர்டர் கொடுக்காத அளவு.

வெள்ளை.
பார்த்ததும் கை கூசியது.
தினமும் நான் நாலாவது சீட்டுக்காரன்;
மூன்று பேர் பலகையின் நுனியில்
அரை இடுப்பை வைத்து
தானேயிலிருந்து சயான் வரை வருகிறவன்.
இந்த ஊரில் இவ்வளவு இடத்தைச் சும்மா விட்டால்
விடிவதற்குள் யாராவது
நீலத் தார்ப்பாய் கட்டிவிடுவார்கள்.

பின்னணிக்கு ஒரு பழுப்பு வேண்டும்.
கட்டிங் சாய் கிளாஸின் அடியில் மிஞ்சியதைப்
போனில் படமெடுத்து ஐட்ராப்பரால் தொட்டேன்.
அதன்மேல் மூன்று பட்டைகள்:
கடுகு மஞ்சள், செங்கல், கொஞ்சம் அழுக்கான பச்சை.
இடது ஓரத்தில் இறங்கி
ஒரே வளைவில் திரும்பி
வலப்பக்கம் வெளியே போகின்றன,
சயானைத் தாண்டித் தண்டவாளம் திரும்புவதுபோல.
இல்லை, தண்டவாளம் அப்படித் திரும்பாது.
பட்டைகள் பட்டைகளாகவே திரும்பின.

நான் பிறப்பதற்கு முந்தைய நிறங்கள்.
அந்தக் காலத்தின்மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது.
இந்த நிறங்களுக்குக் கத்தத் தெரியாது, அவ்வளவுதான்.

வட்டமாக ஒரு சூரியன் வைத்தேன்.
அழகாகத்தான் இருந்தது.
அதுதான் சந்தேகமாக இருந்தது.
லேயரின் கண்ணை மூடினேன், சூரியன் போயிற்று.
திறந்தேன், வந்தது.
ஒரு மணி வரை மூடுவதும் திறப்பதுமாக
கடைசி லோக்கலையும் விட்டேன்.
பிறகு குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போட்டேன்.
மேல கொஞ்சம் இடம் கிடக்கே,
என்றது எனக்குள் அந்த ஆபீஸ் குரல்.
கிடக்கட்டும்.

பழசாகத் தெரிய நாய்ஸ் நான்கு சதவிகிதம்.
மூன்றில் பிளாஸ்டிக், ஐந்தில் மணல்.
மாடித் தையல் யூனிட்டுக்கு
அப்படி ஒரு ஸ்லைடர் இருந்தால் தேவலை.
சேவ் பண்ணி, டெஸ்க்டாப்பில் போட்டு,
வினைல் ரோல்களுக்கு நடுவே படுத்தேன்.

காலையில் பார்த்தால்
என் பழுப்பின்மேல் ஐகான்கள் குடியேறியிருந்தன.
அண்ணன்_பர்த்டே_பைனல்.
அண்ணன்_பர்த்டே_நிஜ_பைனல்.
இதுக்குமேல_மாத்தமாட்டேன்_ரெண்டு.
எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் அடைத்து
‘கூட்டம்’ என்று பெயர் வைத்து
மூலையில் நிறுத்தினேன்.

பத்து மணிக்கு எசக்கிராஜ் வந்தார், புரூஃப் பார்க்க.
ஸ்டூலை இழுத்துப் போட்டு
திரைக்கு நேரே உட்கார்ந்தார்.
பட்டை வளைகிற இடத்தில்
அவர் கழுத்தும் லேசாகச் சாய்ந்தது.
போன் அடித்தது, எடுக்கவில்லை.

“என்னப்பா இது,
ஒருத்தரையும் காணோம்?”

“லோட் ஆவுதுண்ணே” என்றேன்.

ஃபைலை நான் இன்னும் திறக்கவேயில்லை.