நபோர் குதிக்கிறான்

மெக்சிகோ நகரத்தின் கிழக்கே, இஸ்தபலாப்பாவில்,
எல்பீதியாவின் மளிகைக் கடையில்
சோடாப் பெட்டிகளுக்கும் முட்டை அட்டைகளுக்கும் நடுவே
ஒரே ஒரு மெஷின்.
ஐந்து பெசோவுக்கு ஓர் ஆட்டம்.
வலப்பக்கக் கைப்பிடி கீழே இழுத்தால் சிக்கும்.
அதனால் நான் எப்போதும் இடப்பக்கம்.

எதிர்ச்சாரியில் சோளரொட்டிக் கடையில் எனக்கு வேலை.
எந்திரம் சூடு ஆறும் இருபது நிமிடம் என்னுடையது.
மாவுக் கையோடு பொத்தானைத் தொட்டால் எல்பீதியா கத்துவாள்.
பாவாடையில் துடைத்துக்கொண்டுதான் வருவேன்.

நபோர் கேஸ் சிலிண்டர் போடுகிறவன்.
"காஆஆஸ்" என்று தெருமுனையில் அவன் குரல் கேட்டாலே
என் விரல்கள் தாமாக மடங்கும்.
முப்பது கிலோவைத் தோளில் ஏற்றி
நான்கு மாடி ஏறுகிறவனுக்குத்
திரையில் எடையே கிடையாது.
குதிப்பான்.
காக்கை இறகுப் போர்வை விரித்த அவன் துறவி
நேராக என் தலையில் வந்து இறங்குவான்.
என்னவள் துடுப்புக்காரி.
கீழிருந்து மேலே துடுப்பை வீசினால்
பறக்கிற எதுவும் விழும்.
வீசினால்.

ஒரு மாதம் முழுக்க முந்தினேன்.
அவன் கால் தரையை விட்டதும் என் விரல் பாய்ந்துவிடும்.
துடுப்பு வெறும் வானத்தைக் கிழித்துவிட்டு
அசடு வழியத் தாழும்போது
அவன் சாவகாசமாக வந்து சேருவான்.
பிறகு பிந்தினேன்.
பிந்தினால் என்ன கிடைக்கும் என்பதை
உதை வாங்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நொடியை அறுபதாக நறுக்கு.
அவன் குதித்து இறங்க நாற்பத்து நான்கு துண்டு.
கண் பார்த்ததைக் கை நம்ப இருபது.
துடுப்பு தலைக்கு மேல் எழ ஆறு.
மீதியை ஒரு பழைய ரசீதின் முதுகில்
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
பதினெட்டு.
பதினெட்டும் சும்மா இருக்க வேண்டிய நேரம்.
அது ஒன்றுதான் எனக்கு வரவில்லை.

"ரொட்டி உப்பும் கணம் மாதிரியா?" என்றாள் ஸெனைதா,
கல்லுக்கு அந்தப் பக்கமிருந்து.
இல்லை.
ரொட்டி என்னை ஏமாற்றப் பார்ப்பதில்லை.

உச்சியில் அடிக்கக் கூடாது.
உச்சி, ஒரு கணம் நிற்பதுபோல் பொய் சொல்லும்.
தாண்டட்டும்.
விரிந்த போர்வை காற்றை விட்டு
ஓரத்தில் மடியத் தொடங்கும் பார்,
அப்போது.

செவ்வாய்க்கிழமை, மழை, கடை வாசலில் கணுக்கால் தண்ணீர்.
முதல் குதி. விழுந்தான்.
இரண்டாவது. விழுந்தான்.
மூன்றாவதில் என் தலையைத் தாண்டி
முதுகுப் பக்கம் இறங்கப் பார்த்தான்.
அதை எப்படி அடித்தேன் என்று இன்றுவரை தெரியாது.
எல்பீதியா முட்டை எண்ணுவதை விட்டாள்.
மழைக்கு ஒதுங்கிய பள்ளிக்கூடப் பையன்
"ஐயோ" என்றான், நபோருக்காக.

கடைசிச் சுற்றில்
நபோர் குதிக்கவில்லை.

நான் மேலே பார்த்தபடி நிற்கிறேன்.
எரிமலைக்குப் பக்கத்தில் வரைந்த மேகம்,
அவன் தலைக்கு மேலே மூன்று விரல் வானம்,
அங்கேயே என் கண், அங்கேயே என் விரல்.
அவன் நடந்து வருகிறான்.
மணி அடித்து, சிலிண்டர் எங்கே வைக்கட்டும்
என்று கேட்க வருகிறவன் போல
நிதானமாக நடந்து வந்து
பிடித்துத் தூக்கிப் போடுகிறான்.
எழுகிறேன். மறுபடியும் வானம் பார்க்கிறேன்.
மறுபடியும் நடந்து வருகிறான்.

தோற்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
ஈரக் கையுறைக்குள் விரல்களைத் திணித்துக்கொண்டே
"குதிக்கப் பயமாயிருக்கிறது உன்னிடம்" என்றான்.
இத்தனை நாள் ஜெயித்தபோது
அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எதிர்ச்சாரியில் ஸெனைதா கூப்பிடுகிறாள்.
எந்திரம் எப்போதோ ஆறிவிட்டிருக்கும்.
பையில் ஒரே ஒரு ஐந்து பெசோ.
"கையுறையைக் கழற்று" என்கிறேன்.
இந்த முறை அவன் காலையும் பார்க்க வேண்டும்.